புறநகர் மையத்தில் அலுவலகக் கட்டடம்: பிறகு மாற்ற முடியாதவற்றிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி இதுதான்: வளர்ந்துவரும் ஒரு புறநகர் மையத்தில் சுமார் 4,000 சதுர மீட்டர் மனை. தரைத்தளமும் மேலே 5 தளங்களுமாக ஓர் அலுவலகக் கட்டடம் கட்ட வேண்டும். வாடகைக்கு யார் வருவார்கள் என்று இன்னும் தெரியாது. "இந்தக் காலத்துக் கட்டடமாக" இருக்க வேண்டும் என்கிறார் உரிமையாளர். அவர் காட்டும் படங்களெல்லாம் நாலாபுறமும் கண்ணாடி போர்த்தியவை. எங்கிருந்து தொடங்குவது? எங்கே தவறு நடக்கிறது?

கண்ணாடியிலிருந்து தொடங்க வேண்டாம். புறநகர் மையம் என்பது இன்னும் உருவாகி முடியாத இடம். இன்று எதிரே காலி மனையாக இருப்பது பத்து ஆண்டில் ரயில் நிலையமாகலாம், எட்டு மாடிக் குடியிருப்பாகலாம். வாடகைதாரர் 5 அல்லது 10 ஆண்டில் மாறுவார். ஏசி இயந்திரங்கள் 15, 20 ஆண்டில் ஓய்ந்துபோகும். கண்ணாடி முகப்பின் சீலன்ட்டும் ரப்பரும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். கான்கிரீட் கூடு மட்டும் 50, 60 ஆண்டு நிற்கும். தள உயரம், தூண் இடைவெளி, கோர் (லிஃப்டும் படிக்கட்டும் கழிப்பறையும் சேர்ந்த பகுதி) நிற்கும் இடம், ஷாஃப்ட்டின் (குழாயும் கேபிளும் தளம் தளமாக ஏறும் செங்குத்துக் கூண்டு) அளவு, தரைமட்டம் ஆகிய ஐந்தையும் கட்டிய பிறகு யாராலும் திருத்த முடியாது. பணத்தையும் யோசனையையும் முதலில் அங்கே போடுங்கள். கதவு, கல், வரவேற்பறை அலங்காரம் எல்லாம் எப்போது வேண்டுமானாலும் மாறும்.

முதல் கோடு போடும் முன் கையில் இருக்க வேண்டியவை சில. மனையின் அளவீட்டு வரைபடம், சுற்றியுள்ள சாலைகளின் மட்டத்தோடு. கட்டடம் வரும் இடத்தின் நான்கு மூலையிலும் நடுவிலுமாகக் குறைந்தது 5 மண் பரிசோதனைத் துளைகள். நிலத்தடி நீர்மட்டத்தை மழைக்காலத்தின் உச்சத்திலும் பார்த்திருக்க வேண்டும். சாலை அகலப்படுத்தும் திட்டம் இருந்தால் அதன் எல்லைக்கோடு. மின்சாரம், குடிநீர், கழிவுநீர் மூன்றுக்கும் இப்போது எவ்வளவு கிடைக்கும், எப்போது கூடும் என்பது எழுத்தில். புறநகரில் பெரும்பாலும் கட்டடம் முடிந்துவிடும், கழிவுநீர்க் குழாய் வந்திருக்காது.

தளத்தின் அளவும் தூண்களும்

எத்தனை தளம் என்று முடிவு செய்யும்போதே தீயணைப்பு விதியில் "உயர்கட்டடம்" எந்த உயரத்தில் தொடங்குகிறது என்று பாருங்கள். நாட்டுக்கு நாடு அந்தக் கோடு 15, 18, 23 மீட்டர் என்று மாறுகிறது. அதை ஒரு மீட்டர் தாண்டினாலும் கூடுதல் தண்ணீர்த் தொட்டி, புகை நுழையாதபடி படிக்கட்டுக்குக் காற்றழுத்தம், தீயணைப்பு லிஃப்ட் என்று பட்டியல் நீளும். அந்தச் செலவுக்கு ஈடாக ஒரே ஒரு தளம்தான் கூடுதலாகக் கிடைக்கிறது என்றால் வேண்டாம் என்று சொல்லத் தயங்காதீர்கள்.

தூண் இடைவெளிக்கு 8.4 மீட்டரை எடுத்துக்கொள்ளலாம். காரணம் கீழே இருக்கிறது: 600 மில்லிமீட்டர் தூணைக் கழித்தால் 7.8 மீட்டர் மிஞ்சும், அதில் 2.6 மீட்டர் அகலத்தில் மூன்று கார்கள் சரியாக நிற்கும். மேலே அதே 8.4 ஆறு 1.4 மீட்டராகப் பிரியும். ஜன்னல் சட்டங்களை 1.4 மீட்டருக்கு ஒன்றாக வைத்தால் 2.8 மீட்டர் அறை, 4.2 மீட்டர் அறை எது போட்டாலும் தடுப்புச்சுவர் ஒரு சட்டத்தில் போய் முட்டும். இதைக் கவனிக்காத கட்டடங்களில் தடுப்புச்சுவர் கண்ணாடியின் நடுவில் வந்து நிற்கும். அந்த இடுக்கை என்ன வைத்து அடைத்தாலும் பக்கத்து அறைப் பேச்சு கேட்கும்.

தூணுக்குத் தூண் ஒரு கட்டம். நீளத்தில் ஆறு கட்டம், அகலத்தில் மூன்று கட்டம் வைத்தால் 50.4 × 25.2 மீட்டர், அதாவது ஒரு தளம் ஏறக்குறைய 1,270 சதுர மீட்டர். கோர் நடுக் கட்டத்தில் அமர்ந்தால் இரு பக்கமும் 8.4 மீட்டர் ஆழம் கிடைக்கும். ஜன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரமோ அதைப்போல 2 முதல் 2.5 மடங்கு தூரம்வரைதான் பயன்படும் பகல் வெளிச்சம் உள்ளே வரும். மேல்விளிம்பு 2.8 மீட்டர் என்றால் 5.6 முதல் 7 மீட்டர். மீதி இருக்கும் ஒன்றரை முதல் மூன்று மீட்டர் நடைபாதைக்கும் அலமாரிக்கும் போகட்டும். ஒரே பெரிய வாடகைதாரருக்காக 35, 40 மீட்டர் அகலத் தளம் கேட்பவர்கள் உண்டு. அவர் போன பிறகு அந்த நடுப்பகுதியை நான்கு சிறு நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. ஜன்னலே இல்லாத அறைக்கு யாரும் வரமாட்டார்கள்.

வரைபடம் ஓரளவு நிலைத்ததும் ஒரு தளத்தை மூன்று விதமாக வரைந்து பாருங்கள்: முழுத் தளமும் ஒருவருக்கு, இரண்டாகப் பிரித்து, நான்காகப் பிரித்து. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வாடகைதாரரும் இரண்டு படிக்கட்டையும் கழிப்பறையையும் பிறர் இடத்துக்குள் நுழையாமல் அடைகிறாரா? கூடவே பயிற்சி மையம், மருத்துவ ஆலோசனைக்கூடம் போன்ற ஒன்றையும் வைத்துப் பாருங்கள். புறநகரில் இவர்கள்தான் முதலில் வருவார்கள். இரண்டு நாள் வேலை. கோர் தவறான இடத்தில் இருக்கிறது என்பது பெரும்பாலும் இந்தப் பயிற்சியில்தான் தெரியவரும்.

தள உயரத்தைக் கூட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், பக்கத்துக் கட்டடத்தைப் பார்த்து அல்ல. கேபிள் ஓட உயர்த்திய தரை 150 மில்லிமீட்டர், ஆள் நடமாடும் தெளிவான உயரம் 2,800, ஃபால்ஸ் சீலிங்கும் விளக்கும் 150, காப்பு சுற்றிய ஏசி டக்ட் (காற்றுக்குழாய்) 400, ஸ்லாபோடு சேர்த்து உத்திரம் 600. மொத்தம் 4,100. உத்திரம் இல்லாமல் 250 மில்லிமீட்டர் தட்டை ஸ்லாப் போட்டால் 3,750 போதும். ஆனால் தூணைச் சுற்றி ஸ்லாப் தடித்திருக்கும், டக்ட் அங்கே போகக் கூடாது. உயர வரம்புக்குள் இன்னொரு தளத்தைத் திணிப்பதற்காக உத்திரத்தை வைத்துக்கொண்டே 3,500-க்கு இறக்குவதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. காகிதத்தில் லாபம். கட்டி முடித்ததும் சீலிங் 2,200-இல் தொங்கும், உத்திரத்தைக் குடைந்து குழாய் கொண்டுபோகச் சண்டை நடக்கும். தரைத்தளத்துக்கு 5 மீட்டராவது கொடுங்கள். கடை, வங்கி, உணவகம் எது வந்தாலும் புகைபோக்கிக்கும் பெயர்ப்பலகைக்கும் இடம் வேண்டும்.

தளத்தின் சுமையைச் சதுர மீட்டருக்கு 4 கிலோநியூட்டன் (சுமார் 400 கிலோ எடை) என்று கணக்கிட்டு, கோரை ஒட்டிய ஒரு கட்டத்தை மட்டும் 7.5 என்று வைத்துக்கொண்டால் கோப்பு அடுக்குகளும் பேட்டரிகளும் அங்கே நிற்கும். இழுவிசைக் கம்பி (இழுத்து விறைப்பாக்கிய எஃகுக் கம்பி) போட்ட ஸ்லாப் என்றால் ஓர் எச்சரிக்கை: பின்னால் வருபவர் துளையிடும்போது அந்தக் கம்பி அறுந்தால் பழுதுபார்ப்பது பெரும்பாடு. கம்பி போகும் வழியைக் கான்கிரீட்டின் அடிப்பரப்பில் வண்ணத்தால் குறிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு தளத்திலும் ஒரு கட்டத்தைச் சாதாரணக் கம்பி கட்டியே விட்டுவைத்தால், இரண்டு தளம் எடுக்கும் ஒருவர் உள்படிக்கட்டு கேட்கும்போது அங்கே திறந்துகொடுக்கலாம்.

கோர்: லிஃப்ட், படிக்கட்டு, ஷாஃப்ட்

கோரும் நடைபாதையும் போக ஒரு தளத்தில் 1,000 சதுர மீட்டரை ஒட்டி வாடகைக்குக் கிடைக்கும். ஆளுக்கு 10 சதுர மீட்டர் என்றால் 100 பேர், மேல் 5 தளங்களில் 500 பேர். லிஃப்ட் கணக்கில் காலை உச்ச நேரத்தின் 5 நிமிடத்தில் சுமார் 12 விழுக்காடு பேரை மேலே ஏற்ற வேண்டும் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். இங்கே அது 60 பேர். 13 பேர் லிஃப்டில் நிஜத்தில் 10 பேர்தான் ஏறுவார்கள். இந்த உயரத்துக்கு ஒரு சுற்று போய்வர ஏறத்தாழ 100 விநாடி என்றால் 5 நிமிடத்தில் ஒரு லிஃப்ட் 30 பேரை ஏற்றும். இரண்டு லிஃப்ட் போதும் என்று கணக்குச் சொல்லும். அதை நம்ப வேண்டாம். இரண்டு என்றால் 50 விநாடிக்கு ஒருமுறைதான் லிஃப்ட் வரும். ஒன்று பழுதானால் வாசலில் வரிசை நிற்கும். தவிர, நெருக்கமாக மேசை போடும் வாடகைதாரர் ஆளுக்கு 7 சதுர மீட்டர்தான் கொடுப்பார். அப்போது 700 பேருக்கு மேல் ஆகும், 12 விழுக்காடு 85-ஐத் தாண்டும். ஆகவே மூன்று. நான்காவதாகப் பொருள் ஏற்ற ஒன்று தனியாக. ஸ்ட்ரெச்சர் நேராக நுழையும் ஆழத்தில் அதன் பெட்டி இருக்கட்டும்.

படிக்கட்டு இரண்டு என்றால் இரண்டும் ஒன்றுக்கொன்று தள்ளி இருக்க வேண்டும். பல நாட்டு விதிகள் தளத்தின் மூலைவிட்ட நீளத்தில் பாதியாவது இடைவெளி கேட்கின்றன; ஸ்பிரிங்க்ளர் (தீ பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் அமைப்பு) இருந்தால் மூன்றில் ஒரு பங்கு. நம் தளத்தின் மூலைவிட்டம் 56 மீட்டர், பாதி 28. இரண்டு படிக்கட்டையும் லிஃப்டுக்கு இருபுறமும் ஒட்டவைத்தால் ஒரே புகை இரண்டையும் அடைத்துவிடும். ஒன்றைக் கோரின் ஒரு முனையில் வையுங்கள். மற்றதை நுழைவாயில் பக்கம் வெளிச்சுவரை ஒட்டி, ஜன்னலோடு வையுங்கள். வெளிச்சமுள்ள படிக்கட்டில் இரண்டாம், மூன்றாம் தளத்துக்காரர்கள் ஏறிப் போவார்கள். லிஃப்டின் பாரம் குறையும். இருட்டுக் கூண்டாக ஒளித்துவைத்த படிக்கட்டு சில மாதத்தில் உடைந்த நாற்காலிகளின் கிடங்காகும், தீ வரும் நாளில் அதுவே பெரிய ஆபத்து.

ஷாஃப்டில்தான் எல்லோரும் கஞ்சத்தனம் செய்வார்கள். வெளிக்காற்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். தளத்துக்கு 100 பேர், ஆளுக்கு விநாடிக்கு 10 லிட்டர் என்றால் விநாடிக்கு 1,000 லிட்டர். டக்டில் காற்று விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போனால் ஒரு தளத்துக்கு 0.2 சதுர மீட்டர் குறுக்களவு, ஆறு தளங்களுக்கு 1.2. ஆள் 150 ஆனால் 1.8. டக்டைச் சுற்றிக் காப்பும், வேலை செய்பவர் கை நுழையும் இடைவெளியும் வேண்டும். ஆக, காற்றுக்கு மட்டுமே 3 சதுர மீட்டரை ஒட்டிய ஷாஃப்ட். இதைப்போல மின்சாரத்துக்கு, தகவல் கேபிளுக்கு, தண்ணீருக்கு எனத் தனித்தனியாக. ஒவ்வொன்றிலும் கால்பங்கு காலியாக. தண்ணீர்க் குழாயும் மின்கேபிளும் ஒரே ஷாஃப்டில் போகவே கூடாது. ஷாஃப்டின் கதவு பொது நடைபாதையில் திறக்கட்டும். வாடகைதாரரின் அறைக்குள் திறந்தால் இரவில் ஃபியூஸ் போட அவரிடம் சாவி கேட்டு நிற்க வேண்டும்.

முகப்பு: கண்ணாடிப் பேச்சு இப்போது

உரிமையாளரிடம் பேச ஒரு கணக்கு உதவும். மாலை நான்கு மணி வெயில் மேற்குச் சுவரில் சதுர மீட்டருக்கு 600 வாட் அளவில் அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டத்தில் 8.4 மீட்டர் அகலம், 2.8 மீட்டர் உயரம் முழுக்கக் கண்ணாடி: 23.5 சதுர மீட்டர். வெப்பத்தில் 30 விழுக்காட்டை மட்டும் உள்ளே விடும் நல்ல கண்ணாடி போட்டாலும் 4.2 கிலோவாட் வெப்பம் உள்ளே வருகிறது. ஒரு டன் ஏசி என்பது 3.5 கிலோவாட். அந்த ஒரு கட்டத்து வெயிலுக்காக மட்டும் ஒரு டன்னுக்கு மேல் ஓட வேண்டும், அப்படியும் ஜன்னலோரம் உட்கார்ந்தவர் திரையை இறக்கிவிட்டு விளக்கைப் போடுவார். அதே கட்டத்தில் கண்ணாடியை 10 சதுர மீட்டராக்கி, பாதி வெயிலை மறைக்கும் செங்குத்துப் பலகைகளை வெளியே வைத்தால் 0.9 கிலோவாட். பார்வையும் போகவில்லை, வெளிச்சமும் போகவில்லை.

மனை இடம் கொடுத்தால் கட்டடத்தின் நீளப் பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும். நிலநடுக்கோட்டை நோக்கிய முகத்தில் சூரியன் உச்சியிலிருந்து வருவதால் ஜன்னலுக்கு மேல் 600 முதல் 900 மில்லிமீட்டர் நீளும் கிடைமட்ட மறைப்பே நிறைய வேலை செய்யும். கிழக்கிலும் மேற்கிலும் வெயில் தாழ்வாக வரும். அங்கே கிடைமட்ட மறைப்பு வெறும் அலங்காரம், செங்குத்துப் பலகைகளோ மூடிய சுவரோதான் சரி. கோரின் ஒரு பகுதியை, அந்த வெளிப் படிக்கட்டையும் சேர்த்து, மேற்கில் நிறுத்தினால் அதுவே கேடயம். மொத்தச் சுவரில் கண்ணாடி 35, 40 விழுக்காட்டைத் தாண்ட வேண்டிய தேவை பெரும்பாலான அலுவலகங்களுக்கு இல்லை. நான்கு முகமும் நான்கு விதமாக, வெயிலுக்கு ஏற்றபடி ஆழம் மாறி நிற்கும் கட்டடம் கண்ணாடிப் பெட்டியைவிடப் புதியதாகத்தான் தெரியும். அந்தப் பெட்டி உண்மையில் பழைய மோஸ்தர். குளிர்ப் பகுதியில் கட்டுகிறீர்கள் என்றால் கணக்கு வேறு: அங்கே ஸ்லாபை அப்படியே வெளியே நீட்டி மறைப்பாக்கினால் அதன் வழியே உள்வெப்பம் ஓடிவிடும், சந்திப்பில் ஈரம் பூத்துப் பூஞ்சை பிடிக்கும். மறைப்பை வெப்பம் கடத்தாத தாங்கியில் தனியாகத் தொங்கவிட வேண்டும்.

கண்ணாடியில் தவறுவது வெப்பத்தில் மட்டுமல்ல. சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து வலுவாக்கிய முழு டெம்பர் கண்ணாடிக்குள் நிக்கல் சல்பைடு துகள் சிக்கியிருந்தால் எவரும் தொடாமலேயே பல மாதம் கழித்து நொறுங்கும். வெப்பத்தில் ஊறவைத்துச் சோதித்த கண்ணாடியைக் கேட்டு வாங்குங்கள். பாதி நிழலும் பாதி வெயிலுமாக நிற்கும் கண்ணாடி, விளிம்பிலிருந்து வெடிக்கும். வெளிச்சத்தை 20 விழுக்காடு மட்டும் விடும் கறுப்புக் கண்ணாடி பகலிலேயே விளக்குப் போட வைக்கும். ஸ்லாப் விளிம்புக்கும் கண்ணாடி முகப்புக்கும் நடுவே இருக்கும் இடுக்கைத் தீத்தடுப்புப் பொருளால் அடைக்காவிட்டால் புகை தளம் தளமாக ஏறும். இதைத் தளந்தோறும் நேரில் போய்ப் பார்த்துக் கையெழுத்திடுங்கள், படத்தை வைத்து ஒப்புக்கொள்ளாதீர்கள். முகப்பின் முதல் ஒரு கட்டத்தைப் பொருத்தியதும் தண்ணீர் பீய்ச்சிச் சோதியுங்கள். ஆறு தளமும் போட்ட பிறகு கசிவு தெரிந்தால் எந்த இணைப்பில் என்று கண்டுபிடிப்பதே தனி வேலை. சுத்தம் செய்பவர் கயிறு கட்டும் கொக்கிகள் கூரையில் எங்கே என்பது முகப்பு வரைபடத்திலேயே இருக்க வேண்டும். இன்னொன்று: கிடைமட்டப் பலகைகளைப் புறாக்கள் மிகவும் விரும்பும். மேல்பரப்பைச் சரிவாக வையுங்கள்.

ஏசி, மின்சாரம், கூரை

தளத்துக்கு 1,000 சதுர மீட்டர், சதுர மீட்டருக்கு 120 வாட் என்றால் 120 கிலோவாட் குளிர்ச்சி, சுமார் 34 டன். முகப்பு நன்றாக இருந்தால் இன்னும் குறையும். யார் வருவார் என்று தெரியாத கட்டடத்துக்கு, வெளிக்காற்றை மட்டும் கட்டடம் முழுவதற்கும் பொதுவாகக் கொடுத்துவிட்டு, குளிரூட்டலைத் தளவாரியாகப் பிரிப்பது நல்லது. வி.ஆர்.எஃப். முறையில் (ஒரு வெளி யூனிட் பல உள் யூனிட்டுகளுக்குத் தேவைக்கேற்பக் குளிர்திரவம் அனுப்பும் ஏசி) வாடகைதாரருக்கு ஏற்பப் பிரித்துக் கட்டணம் போடுவது எளிது. ஆனால் அதன் வெளி யூனிட்டுகளைத் தளந்தோறும் ஒரே குறுகிய மாடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கீழ்த்தளத்து யூனிட் கக்கும் சூடான காற்றை மேல்தளத்து யூனிட் இழுக்கும். கடும்கோடையில் மேல் இரண்டு தளம் குளிராது. மாடத்தை ஆழமில்லாமல், காற்று நேராக வெளியேறும்படி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் யூனிட்டுகளைக் கூரைக்கு ஏற்ற வேண்டும். வி.ஆர்.எஃப். தானாக வெளிக்காற்றைக் கொண்டுவராது என்பதை மறந்து கட்டிய அலுவலகங்களில்தான் பிற்பகல் மூன்று மணிக்கு எல்லோரும் கொட்டாவி விடுகிறார்கள். தளத்துக்குச் சில ஜன்னல்களாவது திறக்கட்டும். திறந்தால் அந்தப் பகுதி ஏசி தானாக நிற்கும்படி ஒரு சுவிட்ச் இணையுங்கள்.

மின்தேவையைச் சதுர மீட்டருக்கு 80 வாட் என்று பிடித்தால் ஆறு தளமும் சேர்ந்த 7,600 சதுர மீட்டர் கட்டடத்துக்கு 600 கிலோவாட் சொச்சம். இதோடு மின்கார்களைச் சேருங்கள்: 150 கார் இடத்தில் (கணக்கு கீழே வருகிறது) ஐந்தில் ஒன்று, அதாவது 30 கார் ஒரே நேரத்தில் 7 கிலோவாட்டில் ஏற்றினால் 210 கிலோவாட். கட்டடத்தின் தேவையில் மூன்றில் ஒரு பங்கு! எல்லாக் கார்களுக்கும் சுமையைப் பங்கிட்டுத் தரும் கட்டுப்பாட்டுக் கருவி இருந்தால் இதைப் பாதிக்கும் கீழே கொண்டுவரலாம். சார்ஜர்களை இப்போதே வாங்க வேண்டியதில்லை. கேபிள் போகக் குழாய்களும், இரண்டாவது டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒரு காலி அறையும் இருந்தால் போதும்.

கூரைச் சூரியத் தகடுகளால் கட்டடம் தன் மின்சாரத்தைத் தானே தயாரிக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்க வேண்டாம். லிஃப்ட் அறை, தொட்டி, ஏசி போகக் கூரையில் பாதி, 600 சதுர மீட்டர் கிடைத்தால் நடைவழியோடு 60 கிலோவாட் பொருத்தலாம். நல்ல வெயிலுள்ள ஊரில் ஆண்டுக்கு 85,000 யூனிட் வரும். சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 120 யூனிட் செலவழிக்கும் சிக்கனமான கட்டடத்துக்கே 9 லட்சம் யூனிட் தேவை. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. போடுங்கள், பயன்தான், ஆனால் முகப்பில் செய்யும் திருத்தம் இதைவிடக் கூடுதலாக மிச்சப்படுத்தும்.

கார்களும் தண்ணீரும்

புறநகரில் இதுதான் பெரிய தலைவலி. 50 சதுர மீட்டருக்கு ஒரு கார் என்று விதி கேட்டால் 7,600 சதுர மீட்டர் கட்டடத்துக்கு 150 இடம். வழியும் ராம்ப்பும் சேர்த்து ஒரு காருக்கு 32 சதுர மீட்டர் வைத்தால் 4,800 சதுர மீட்டர். கிட்டத்தட்ட நான்கு அலுவலகத் தளம் அளவுக்கு இடம் கார் நிற்க மட்டும். எல்லாவற்றையும் பூமிக்கடியில் புதைத்தால் இரண்டு, மூன்று பேஸ்மென்ட் ஆகும், ஒவ்வொன்றும் இறங்க இறங்க விலை ஏறும். ரயிலோ நல்ல பேருந்தோ வந்த பிறகு அவற்றில் பாதி காலியாகக் கிடக்கும், வேறெதற்கும் உதவாது.

ஒரு பேஸ்மென்ட்டோடு நிறுத்துவது மேல். கட்டடத்தின் அடியிலும் கொஞ்சம் வெளியிலுமாக 1,900 சதுர மீட்டர், 60 கார். மீதி 90 காருக்கு மனையின் பின்புறம் 16 மீட்டர் அகலத்தில் (5 மீட்டர் கார், 6 மீட்டர் வழி, 5 மீட்டர் கார்) மூன்றடுக்கு எஃகுச் சட்டக நிறுத்தம், போல்ட் போட்டுக் கட்டியது. பத்துப் பதினைந்து ஆண்டில் அதைக் கழற்றிவிட்டு அங்கேயே இரண்டாவது கட்டடம் எழுப்பலாம். இது நடக்க ஒரு நிபந்தனை: அந்த இடத்தின் அடியில் கழிவுநீர்த் தொட்டி, மின்கேபிள், தீயணைப்புக் குழாய் எதையும் இப்போது புதைக்கக் கூடாது. மண் பரிசோதனையை அங்கேயும் இரண்டு துளை சேர்த்துச் செய்துவிடுங்கள். கார் நிறுத்தத்தைச் சாலை முகப்பில் வைக்காதீர்கள். மையம் வளரும்போது சாலையோரம் நடப்பவர்களுக்கு உரியது. அங்கே கடைகளும் நிழலும் வாசலும் இருக்கட்டும். நாளை நிலையம் வரும் என்று தெரிந்த பக்கத்தில் இரண்டாவது வாசலுக்கு ஒரு கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

காலையில் அரை மணி நேரத்தில் 100 கார் வந்தால் சராசரி 18 விநாடிக்கு ஒன்று. தடுப்புக் கம்பத்தில் அட்டையைக் காட்டி நுழைய 15 விநாடி ஆனால் ஒருவர் அட்டையைத் தேடினாலே வரிசை சாலைக்குப் போய்விடும். கம்பத்தை வாசலில் வைக்காமல் உள்ளே மூன்று கார் தூரம், 18 மீட்டர் தள்ளி வையுங்கள். ராம்ப் சரிவு 1:8-ஐவிடச் செங்குத்தாக வேண்டாம், தொடக்கத்திலும் முடிவிலும் அதில் பாதிச் சரிவில் ஒரு துண்டு இல்லாவிட்டால் காரின் அடி உரசும்.

பேஸ்மென்ட் என்றாலே தண்ணீர். ராம்ப் தொடங்கும் இடத்தில் சாலையைவிட 300 மில்லிமீட்டர் ஏறி இறங்கும் மேடு வையுங்கள். வளரும் பகுதியில் சாலை மறுபடி மறுபடி தார் போட்டு உயரும். அதனால் தரைத்தள மட்டமும் இன்றைய சாலைக்கு 600 மில்லிமீட்டர் மேலே இருக்கட்டும். அந்த உயரத்தை 1:20 சரிவில் 12 மீட்டர் நீளத்துக்கு முன்வாசல் தரையாகவே பரப்பினால் சக்கர நாற்காலிக்குத் தனி ராம்ப் தேவைப்படாது, எல்லோரும் ஒரே வழியில் நுழைவார்கள். திறந்த ராம்ப் 120 சதுர மீட்டர், மணிக்கு 100 மில்லிமீட்டர் மழை என்றால் மணிக்கு 12,000 லிட்டர் கீழே ஓடும். அடியில் குறுக்குக் கால்வாய், முழு அளவையும் தனியாக இறைக்கக்கூடிய பம்ப் இரண்டு, இரண்டும் ஜெனரேட்டரில். மின் அறையையும் ஜெனரேட்டரையும் பேஸ்மென்ட்டில் வைக்காதீர்கள். வெள்ளம் வரும் நாளில் பம்புக்கு மின்சாரம் தரும் அறையே முதலில் மூழ்கும்.

மனை முழுவதும் 60 மில்லிமீட்டர் மழை ஒரு மணியில் பெய்தால் 2,40,000 லிட்டர். சாலைக் கால்வாய் இன்னும் வராத பகுதியில் இதைப் பக்கத்து மனைக்குத் தள்ளிவிட முடியாது. தேக்கும் தொட்டி, மண் உறிஞ்சும் குழிகள், பசுமைப் பள்ளம் மூன்றும் சேர்த்து இதில் பெரும்பகுதியைத் தாங்க வேண்டும்.

கட்டும்போது நடக்கும் ஒரு விபத்தையும் சொல்ல வேண்டும். நிலத்தடி நீர் அடித்தளத்துக்கு 4 மீட்டர் மேலே இருந்தால் அது சதுர மீட்டருக்கு 40 கிலோநியூட்டன் விசையில் மேலே தள்ளும். 500 மில்லிமீட்டர் தடித்த அடித்தள ஸ்லாபின் எடை 12 மட்டும்தான். மேலே போதுமான தளங்கள் எழும்பும்வரை நீர் இறைப்பதை நிறுத்தக் கூடாது. டீசல் மிச்சம் என்று இடையில் நிறுத்தினால் பேஸ்மென்ட் படகுபோல் மிதந்து விரிசல் விடும். எந்தத் தளம் முடிந்ததும் பம்பை நிறுத்தலாம் என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் எண்ணாகவே எழுதித் தரட்டும். கட்டடத்துக்கு வெளியே நீண்டிருக்கும் பேஸ்மென்ட் பகுதியில் மேலே தளமே இல்லை என்பதால், அதற்கு நங்கூரமோ கூடுதல் மண்பாரமோ தனியாகக் கணக்கிட வேண்டும்.

கடைசியாக ஒப்படைப்பு. ஒவ்வொரு கருவியும் தனித்தனியாக ஓடுகிறது என்று சான்றிதழ் வாங்கினால் போதாது. ஒரு விடுமுறை நாளில் முக்கிய மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஒரு தளத்தில் சோதனைப் புகை விடுங்கள். ஜெனரேட்டர் எத்தனை விநாடியில் எடுக்கிறது, லிஃப்டுகள் தரைக்கு வந்து திறந்து நிற்கின்றனவா, அந்தத் தளத்து ஏசி நிற்கிறதா, படிக்கட்டுக் காற்றழுத்தம் ஏறிய பிறகும் கதவை ஒருவர் தள்ளித் திறக்க முடிகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அந்தக் கதவில்தான் மாட்டும்: விசிறி பலமாக இருக்கும், கதவு சுவரோடு ஒட்டிக்கொள்ளும். மிகையழுத்தத்தை வெளியேற்றும் தடுக்கிதழை (டேம்பர்) சரிசெய்துவிட்டு மறுபடி சோதியுங்கள். முதல் வாடகைதாரர் உள்வேலை முடித்ததும் இதே சோதனையை அவர் தளத்தில் இன்னொரு முறை செய்ய ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். தடுப்புச்சுவர்கள் வந்த பிறகு புகையும் காற்றும் போகும் வழி மாறியிருக்கும்.